கயத்தாற்றுக் கற்குவியல்

திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியில், இராதாபுரம் வட்டாரத்துச் செம்மண் பூமியில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு இரண்டு விதமான சின்னங்கள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, பாதையோரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் குறுக்கே மற்றொரு கல்லைப் போட்டு வைத்திருக்கும் சுமைதாங்கி. மற்றொன்று, பனங்காட்டு ஓரத்திலோ குளக்கரையிலோ, அடி பருத்து நுனி சிறுத்து, சுண்ணாம்பு பூசி நிற்கும் மாடன் பீடம். இவற்றைச் செய்தவர்கள் பெயர் எந்தச் சிற்ப நூலிலும் இல்லை. கலைப் பிரியர்கள் இவற்றைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருவதுமில்லை. ஆயினும் ஒரு ஜனசமூகம் தன் துக்கத்தையும் நன்றியையும் எவ்வாறு பொதுவில் வைத்துக் காக்கிறது என்பதை அறிய விரும்புவோர் இவற்றினிடமிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

சுமைதாங்கியின் வரலாற்றைத் தென்னாட்டார் அறிவார்கள். கர்ப்பிணியாயிருக்கும்போதே ஒரு பெண் மாண்டுவிட்டால், இறக்கி வைக்காத சுமையுடன் போய்விட்டாளே என்று வீட்டார் மனம் பதைக்கும். அந்தப் பதைப்பு தணியும் பொருட்டு, ஊரார் சுமை இறக்கி இளைப்பாறும்படி வழியில் கல் நடுவார்கள். கல்லின் உயரம் ஏறக்குறைய ஆள் கழுத்தளவு. தலைச்சுமைக்காரன் பிறர் கையை எதிர்பாராமல் சுமையைக் கல்லின் மேல் நகர்த்தி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். உவரி, கூட்டப்புளி முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து கருவாட்டுக் கூடையும், பனங்காட்டு ஊர்களிலிருந்து கருப்பட்டிச் சிப்பமும் தலையில் ஏறிப் போன காலத்தில் இந்தக் கல் செய்த உபகாரம் சத்திரம் செய்த உபகாரத்துக்குக் குறைந்ததன்று. ஒரு குடும்பத்தின் சொந்தத் துயரம் இங்கே வழியே போகிற முகமறியாதவனுக்கு உதவியாக மாறிவிட்டது. இதைவிடச் சிறந்த ஞாபகச் சின்னத்தை எந்தச் சிற்பி கற்பனை செய்தான் என்று நமக்குத் தெரியவில்லை.

மாடன் பீடங்களில் பல, வெட்டுப்பட்டோ கழுவேறியோ அகால மரணமடைந்தவர்களுக்காக எழுந்தவை. அவற்றுக்கு முகமில்லை, ஆபரணமில்லை. ஆண்டுக்கொரு முறை ஊர் வரி வசூலித்துக் கொடை நடத்துவார்கள். வில்லுப்பாட்டுக்காரர் வந்து, அங்கே தெய்வமாக நிற்கிறவன் யார், எப்படி வாழ்ந்தான், எவர் கையால் மாண்டான் என்று இரவு முழுதும் பாடுவார். கல்லில் எழுத்தில்லாத குறையைப் பாட்டு தீர்த்துவிடுகிறது. இந்த வழக்கம் நேற்று முளைத்ததன்று. போரில் விழுந்த வீரனுக்குக் கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதை நட்டுப் படையலிட்டு வாழ்த்துவது வரையில் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. 2006-ஆம் வருஷத்தில் தேனி ஜில்லாவிலுள்ள புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துக்களுள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றிலொன்று ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனுக்காக நட்டது. கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கணிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கல் நடுவதற்கு எவரும் தடை சொல்லவில்லை. மாண்டவனைக் கொண்டாடுவதே ராஜத்துரோகமாகக் கருதப்பட்ட காலமொன்று பின்னால் வந்தது. அப்போது நெல்லைச் சீமையின் ஜனங்கள் என்ன செய்தார்கள்? அதைச் சொல்லவே இவ்வளவு பீடிகை.

பாஞ்சாலங்குறிச்சி யுத்தத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விவரங்களில் ஒரு பகுதி, இராதாபுரம் வட்டாரத்து இடையன்குடியில் வாழ்ந்த ஒருவர் மூலமாக வந்தது என்பதை இங்கே நினைவூட்டலாம். 1841-இல் அவ்வூருக்கு வந்து அரை நூற்றாண்டுக் காலம் தொண்டு செய்து, தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கமான பிஷப் கால்டுவெல், 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார். பாளையக்காரர்களிடம் அவருக்கு அனுதாபம் அதிகமில்லை. கும்பினியார் ஆட்சி வந்ததே நன்மை என்று கருதியவர் அவர். அப்படிப்பட்டவரே மறைக்காமல் எழுதிவைத்த சில சங்கதிகள் நம் பக்கத்து வீராவேச வர்ணனைகளை விடப் பலமான சாட்சியமாக இருக்கின்றன. 1801 யுத்தத்தில் நேரில் ஈடுபட்ட வெல்ஷ் என்ற ஆங்கிலச் சேனை உத்தியோகஸ்தர் 1830-இல் வெளியிட்ட ஞாபகக் குறிப்புக்களும் அவ்விதமே.

1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினான். புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில் பிடிபட்டுக் கயத்தாற்றுக்குக் கொண்டுவரப்பட்டான். அக்டோபர் 16-ஆம் தேதி, மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து வரிசையாக நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரில் விசாரணை என்ற பெயரால் ஒரு சடங்கு நடந்தது. பிறகு அவனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். அவன் கலங்காமல் நடந்து சென்றதையும், எட்டயபுரத்தாரை அலட்சியமாக நோக்கியதையும் பானர்மனே மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். பார்த்தவர்கள் பயந்து அடங்க வேண்டும் என்பதற்காகவே பிரதான ராஜபாட்டையின் ஓரத்தை அந்தக் காரியத்துக்குத் தேர்ந்தார்கள்.

பாட்டையோரத்தைத் தேர்ந்ததுதான் கும்பினியாருக்கு வினையாக முடிந்தது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்கள் அந்த மரத்தடியைத் தாண்டித்தானே போக வேண்டும்? போகிறவர்கள் ஒரு கல்லை எடுத்து அங்கே போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். வண்டிக்காரன் போட்டான், சந்தைக்குப் போன பெண்பிள்ளை போட்டாள், காவடி எடுத்துச் சென்றவன் போட்டான். சிறுகச் சிறுக அது ஒரு கற்குவியலாக வளர்ந்து, தலைமுறை தலைமுறையாக அந்த ஸ்தலத்தை அடையாளம் காட்டி வந்தது. சிலையில்லை, சாசனமில்லை, திறப்பு விழாவில்லை. யார் முதல் கல்லைப் போட்டார் என்று எவருக்கும் தெரியாது. தெரியாமல் போனதே அதன் பலம். ஒருவன் சிலை வைத்தால் அவனைப் பிடித்துச் சிறையிலிடலாம், சிலையை உடைத்தெறியலாம். நடைபாதையில் கிடந்த கல்லைக் காலால் தள்ளினானோ கையால் வைத்தானோ என்று எந்தச் சேவகன் நிரூபிக்க முடியும்? குவியலைக் கலைத்தாலும் மறுநாள் காலையில் மறுபடி ஒரு கல் கிடக்கும். ஆயுதமிழந்த ஒரு ஜனக்கூட்டம் இதைவிடப் புத்திசாலித்தனமாகத் தன் அபிப்பிராயத்தை வெளியிட்டிருக்க முடியாது.

அந்த அபிப்பிராயம் வெறும் மௌன துக்கமல்ல என்பது பதினாறு மாதங்களுக்குள் வெளிப்பட்டது. பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும், 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, வெள்ளைத் துரைமார் மேஜர் மக்காலேயின் வீட்டில் விருந்துண்டு கொண்டிருந்தபோது காவலை உடைத்து வெளியேறினார்கள். சில தினங்களில் கும்பினிப் பட்டாளம் பாஞ்சாலங்குறிச்சியை நோக்கிச் சென்றது. தரைமட்டமாக இடித்துப்போட்ட கோட்டையின் இடத்தில் மறுபடியும் மதிலெழும்பி நிற்பதைக் கண்டு அது திகைத்தது. மண்ணால் ஆன மதில்தான். ஆனால் ஒரு வாரத்துக்குள் அது எழ வேண்டுமானால் மண் வெட்டினவர் எத்தனை பேர், தண்ணீர் சுமந்தவர் எத்தனை பேர், மிதித்தவர் எத்தனை பேர் என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கொத்தனாருக்குக் கூலி கொடுத்து இப்படிப்பட்ட வேலையை வாங்க முடியாது. மார்ச் 31-ஆம் தேதி அந்த மண் மதிலின் மேல் ஏறப் பார்த்த கும்பினிப் படை பலத்த சேதமடைந்து திரும்பிற்று. கர்னல் அக்னியூ பெரும்படையும் பீரங்கியும் கொண்டுவந்த பிறகே, மே 24-ஆம் தேதி கோட்டை விழுந்தது.

ஊமைத்துரை வாய் பேசாதவன். அவன் தன் ஆட்களுக்கு யுத்த உபாயம் சொல்லிக் கொடுத்த விதத்தை வெல்ஷ் வர்ணித்திருக்கிறார். வைக்கோல் துணுக்குகளை உள்ளங்கையில் வரிசையாக வைப்பானாம். இதுதான் வெள்ளைக்காரன் சேனை என்று சைகை காட்டுவானாம். பிறகு வாயால் ஓர் ஒலி எழுப்பி மற்றக் கையால் அவற்றைத் துடைத்தெறிவானாம். அதுவே தாக்குதலுக்கு அடையாளம். பேச்சில்லாத தலைவனைச் சாமி என்று அழைத்து, அவன் உள்ளங்கையைப் பார்த்து உயிரைக் கொடுக்க ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள்.

கோட்டை விழுந்த அன்று நடந்ததாக அந்த உத்தியோகஸ்தர் எழுதியிருக்கும் மற்றொரு சம்பவம் இன்னும் உருக்கமானது. பிணங்களுக்கிடையில் தன் மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். தன்னை விட்டுவிடும்படியும், பக்கத்தில் காயப்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படியும் அவன் தாயை வேண்டுகிறான். அவள் பெற்ற மகனை அங்கேயே விட்டு, ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். ஊர்ப்பெண்கள் ஊமைத்துரையை வெள்ளைத் துணியால் மூடி, சுற்றி உட்கார்ந்து, வைசூரியால் இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வைசூரி என்ற சொல்லைக் கேட்டவுடன் வந்தவர்கள் கிட்டே நெருங்காமல் ஓடிவிடுகிறார்கள். அந்தத் தாயின் பெயரை எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை. கயத்தாற்றில் முதல் கல்லைப் போட்டவன் பெயரைப் போலவே அதுவும் மறைந்துவிட்டது.

ஊமைத்துரை பிறகு மருது சகோதரர்களுடன் சேர்ந்து போராடி, 1801 நவம்பர் 16-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டான். கோட்டையை இடித்து, அந்த இடத்தை உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். சர்க்கார் கணக்குகளிலிருந்து ஊரின் பெயரையே எடுத்துவிட்டார்கள். யுத்தத்தில் மாண்ட தங்கள் மனிதர்களுக்குக் கும்பினியார் அங்கே கல்லறைகள் கட்டினார்கள்; பெயரும் பதவியும் தேதியும் பொறித்தார்கள். அந்தக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. ஆனால் வழியே போகிற எவனும் அங்கே ஒரு கல்லை எடுத்து வைத்துக் கும்பிட்டதாக நாம் கேட்டதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மேஜர் மக்காலே ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நம் தேசத்தில் இங்கிலீஷ் கல்வியைப் புகுத்திய மெக்காலேக்குப் பெரிய தகப்பனார். மாண்டவன் நினைவாக வழிப்போக்கர் கல்மேல் கல் வைத்துச் செல்வது ஸ்காட்லாந்து மலைநாட்டாரிடையேயும் பழைய வழக்கம். கயத்தாற்றுக் குவியலின் பொருளை அவருக்கு ஒருவரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

ஜெயித்தவன் சின்னங்களை அழிப்பது கும்பினியாரோடு நின்றுவிடவில்லை. 1945 ஜூலை 8-ஆம் தேதி சிங்கப்பூர்க் கடற்கரை மைதானத்தில் இந்திய தேசிய ராணுவத்தின் பெயர் தெரியாத வீரர்களுக்காக நேதாஜி ஒரு நினைவுத் தூணுக்கு அஸ்திவாரமிட்டார். கடையநல்லூர், தென்காசி முதலிய நம் ஜில்லா ஊர்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள் திரளாக வாழ்ந்த நகரம் அது. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும், மவுண்ட்பேட்டன் உத்தரவின் பேரில் அந்தத் தூணை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஐம்பது வருஷங்கள் கழித்து, 1995-இல், சிங்கப்பூர் அரசாங்கம் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் நாட்டிற்று. 2022-இல் ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்தபோது, ஒடெசாவில் ரிஷெலியூ பிரபுவின் சிலையையும், கார்கிவில் கவிஞர் ஷெவ்செங்கோவின் சிலையையும் மணல் மூட்டைகளால் மூடினார்கள். அந்நாட்டுத் தலைநகரான கீவில், 2018 முதல் சுவர்களிலும் தூண்களிலும் பதித்து வரும் உள்ளங்கையளவு வெண்கல உருவங்களும் உண்டு. தேடித் தேடிக் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு. பெரிய சிலைக்குப் பாதுகாப்புத் தேவைப்படுகிறது. சிறியதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களே அதற்குக் காவல்.

இனி நம் கதைக்கு வருவோம். கல் குவிந்த அந்த இடத்தை நடிகர் சிவாஜி கணேசன் விலைக்கு வாங்கினார். 1959-இல் வெளிவந்த படத்தில் கட்டபொம்மனாக நடித்தவர் அவர். 1970-இல் அங்கே சிலையெழுப்பினார். 1968-69-இல் தொல்பொருள் இலாகா பாஞ்சாலங்குறிச்சியில் அகழ்ந்து பழைய அஸ்திவாரங்களைக் கண்டது. 1974-இல் தமிழக அரசாங்கம் நினைவுக் கோட்டை கட்டிற்று. 2015-இல் கயத்தாற்றில் மணிமண்டபம் திறந்தார்கள். இராதாபுரத்துக்கு வெகு தூரமில்லாத விஜயநாராயணத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம் 1990 முதல் கட்டபொம்மன் பெயரைத் தாங்குகிறது. கணக்கிலிருந்து எடுத்துவிட்ட ஊரின் தலைவனுக்கு இவை தக்க மரியாதைகளே. நாம் குறை சொல்ல வரவில்லை.

ஆயினும் சிலை வந்ததும் சிலைக்குரிய வியாதிகளும் வந்துவிட்டன. கட்டபொம்மன் தெலுங்கு பேசிய குடியில் பிறந்தவன். அவனுடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை. படைத் தலைவர்கள் வெள்ளையத் தேவனும் சுந்தரலிங்கமும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஜாதி. போராடியதோ ஒரே பக்கத்தில். அந்தச் சுந்தரலிங்கத்தின் பெயரை 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தபோது தென் ஜில்லாக்களில் கலகம் மூண்டது. கலவரம் ஓயும் பொருட்டு ஜில்லாக்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர் பெயர்கள் எல்லாவற்றையும் சர்க்கார் நீக்கிவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மறுபடியும் திருநெல்வேலி மாவட்டமாயிற்று. கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சிப் பெயரை ஆயுதத்தால் அழித்தார்கள். நாம் கட்டபொம்மன் பெயரை நம் சண்டையால் நீக்கிக்கொண்டோம். இன்று இந்தப் பக்கத்து ஊர்களில் பல தலைவர்களின் சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. தேசத்துக்காகச் சிறை சென்றவர்களைச் சிலையான பிறகும் சிறையில் வைத்திருக்கிறோம். கயத்தாற்றில் கல் போட்டவர்களை எவரும் ஜாதி விசாரித்ததில்லை. கல்லுக்கு ஜாதி எழுத இடமுமில்லை.

இந்த நிலையில், மீதமிருக்கும் சிறிய கற்களின் கதி என்ன என்பதே நமக்குக் கவலையளிக்கிறது. மதுரையிலிருந்து கயத்தாறு, நாங்குநேரி, வள்ளியூர் வழியாகக் கன்னியாகுமரி வரையில் ராஜபாட்டை நான்கு வழிச் சாலையாகிவிட்டது. கிளைச் சாலைகளும் அகலமாகி வருகின்றன. சாலை வேண்டாமென்று எவரும் சொல்ல மாட்டார்கள். பெரிய கோயில் குறுக்கிட்டால் ஊர் கூடும், மனுப் போகும், சில சமயம் சாலையே வளைந்து போகும். தலைச்சுமையே இல்லாத காலத்தில் சுமைதாங்கிக்காக மனுப் போடுவது யார்? அந்தக் கல்லைப் பெயர்த்து வாய்க்காலுக்குப் பாலமாகப் போட்டுவிடுவதும், வீட்டு வாசலில் துணி துவைக்க வைத்துக்கொள்வதும் எளிது. அதற்குப் பட்டா கிடையாது, உண்டியல் கிடையாது, சங்கம் கிடையாது.

பெரிய அரும்பொருட்சாலை கட்ட வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு குறிப்பேடு போதும். கல் எங்கே நிற்கிறது, யார் நினைவாக நட்டதாகச் சொல்லுகிறார்கள், எழுத்திருந்தால் அது என்ன, கொடை உண்டா, அதன் கதையைப் பாடத் தெரிந்தவர் எவர் என்று ஐந்து விவரங்களைப் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் எழுதி வந்துவிடுவார்கள். இராதாபுரத்துக்கு அடுத்த நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை, கட்டபொம்மு கதைப்பாடல் உள்ளிட்ட நாட்டுப் பாடல்களை அலைந்து திரட்டி அச்சேற்றியிராவிட்டால் அவற்றில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கும்? கற்களுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை. எந்தத் திருப்பத்தில் சுமைதாங்கி நின்றது, சாலை போட்டபோது அதை எங்கே தூக்கிப் போட்டார்கள் என்று சொல்லக் கூடிய கிழவர்களும் கிழவிகளும் இராதாபுரம் வட்டாரத்துக் கிராமங்களில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.